ஒரே அறையில் வாசித்தவையும் ஒட்டிச் சேர்த்தவையும்: அண்மையில் கேட்ட சில இசைத்தொகுப்புகள்

கடந்த சில மாதங்களாக, பாட்டுக்களைத் தனித்தனியாகப் பொறுக்கிக் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரு தொகுப்பை எடுத்தால் முதல் ட்ராக்கிலிருந்து கடைசி ட்ராக் வரை நடுவில் எழுந்து போகாமல் ஹெட்ஃபோனில் கேட்பது என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படிக் கேட்டவற்றில் சில அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையவை, சில இந்தப் பத்தாண்டில் வந்தவை. பெரும்பாலும் வாத்திய இசையாகவே அமைந்துவிட்டது தற்செயல். கேட்கக் கேட்க ஒரு கேள்வி மட்டும் என்னை விடாமல் தொடர்ந்தது. வாசித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்களா, அல்லது தனித்தனியாகப் பதிந்ததைப் பிறகு யாரோ ஒட்டிச் சேர்த்தார்களா? ஒட்டு வேலை காதுக்குத் தெரிந்துவிடும் என்றும், தெரிந்தால் இசை ஒரு படி இறங்கிவிடும் என்றும் உறுதியாக நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை எனக்குள் ஊன்றியது, அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரும் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்து 1993இல் வெளிவந்த ‘எ மீட்டிங் பை த ரிவர்’ தொகுப்பு. நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், நான்கே உருப்படிகள் கொண்ட இந்தத் தொகுப்பு கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயக் கூடத்தில், 1992இல், பதிவு செய்யப்பட்டது. பதிவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதுக்கு முன்புதான் இருவரும் முதன்முதலாக நேரில் சந்தித்திருக்கிறார்கள். பட்டின் கையிலிருப்பது கிட்டார் உடலில் இருபது கம்பிகளை ஏற்றி, மடியில் கிடத்தி, உலோகக் கோலை வழுக்கி வாசிக்கும் கருவி. கூடரும் விரலில் குழாயை மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வழுக்கித்தான் வாசிக்கிறார். ஆக இருவருக்குமே ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையில் படிக்கட்டு கிடையாது, சரிவுதான். இந்த ஒற்றுமையால் முதல் உருப்படியில் யார் வாசிப்பது எது என்று பிரித்தறிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு பிடிபட்டது: கூடர் ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு அதைத் தானாக அடங்க விடுகிறார், பட் அதே ஸ்வரத்தை அடங்க விடாமல் அசைத்து அசைத்து அடுத்ததோடு கோத்துவிடுகிறார்; அவருடைய கருவியின் அனுநாதக் கம்பிகள் அதன் பின்னால் மெல்லிய புகை போல நிற்கின்றன.

இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் கட்டிப்போட்டது அவர்கள் வாசித்த இடங்களைவிட அவர்கள் காத்திருந்த இடங்கள்தான். தலைப்பு உருப்படியில் பட் ஒரு நீண்ட சொற்கட்டை முடித்ததும், அதற்குப் பதில் வரவேண்டிய இடத்தில் கூடர் உடனே வராமல், ஒரு மூச்சளவு தயங்கிவிட்டு, மிகச் சிறிதாக மூன்று நான்கு ஸ்வரங்களை மட்டும் வைக்கிறார். அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டு சுக்விந்தர் சிங் நாம்தாரியின் தபலாவும் தன் ஓசையைக் குறைத்துக்கொள்கிறது. எழுதி வைத்து வாசித்தால் இது நடக்காது. ‘கேஞ்ஜஸ் டெல்டா புளூஸ்’ உருப்படியில் புளூஸின் வளைந்த மூன்றாம் ஸ்வரமும் நம் காதுக்குப் பழகிய அசைந்த காந்தாரமும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் என்பது யாரும் விளக்காமலே தெரிந்துவிடுகிறது. ஃபிஜித் தீவுகளின் பிரியாவிடைப் பாடலான ‘இசா லேயி’யோடு தொகுப்பு முடிகிறது. எனக்கு இருக்கும் ஒரே குறை, கூடரின் பதின்ம வயது மகன் ஜோகிம் வாசிக்கும் டும்பெக் என்ற கைமுரசு சில இடங்களில் தபலாவோடு சேராமல் சற்றே தனித்து ஒலிப்பதுதான். 1994இல் இதற்கு கிராமி விருது கிடைத்தது. அந்த விருதின் பெயரைச் சொல்லியே பல தொகுப்புகள் நம் தலையில் கட்டப்படுவதால் எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை என்றாலும், இந்த முறை கொடுத்தவர்கள் உண்மையாகவே கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

இதே சூட்டோடு, ஜாஸையும் இந்திய இசையையும் கலந்து வாசித்த சக்தி குழுவின் இரண்டு தொகுப்புகளை அடுத்தடுத்த நாட்களில் கேட்டது வேண்டுமென்றே செய்த சோதனை. முதலாவது, 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியில் பதிவாகி 1976இல் வெளிவந்த அவர்களுடைய அறிமுகத் தொகுப்பு. ஜான் மெக்லாக்லினின் கிட்டார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, டி.எச். விநாயக்ராமின் கடம், ஆர். ராகவனின் மிருதங்கம் ஆகியவை மேடையில் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. பதினெட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும் முதல் உருப்படியான ‘ஜாய்’ தொடங்கிய மாத்திரத்திலேயே உச்சக் காலத்தில் இருக்கிறது; நம் கச்சேரி மரபில் படிப்படியாக ஏறித்தான் அந்த வேகத்துக்குப் போவார்கள் என்பதால், முதலில் கேட்கும்போது யாரோ நடுவிலிருந்து போட்டுவிட்டார்களோ என்று கூடச் சந்தேகம் வரும். கிட்டாரும் வயலினும் ஒரே கணக்கில் இறங்கி வந்து ஒரே புள்ளியில் நிற்கும் இடங்களில் அரங்கிலிருப்பவர்கள் தங்களை மறந்து எழுப்பும் சத்தம் பதிவில் அப்படியே இருக்கிறது. ஒலித்தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இது சுமாரான பதிவு. மிருதங்கத்தின் இடந்தலை பல இடங்களில் தபலாவோடு குழம்பிவிடுகிறது. ஆனால் கடம் தனியாகப் பேசத் தொடங்கும்போது மற்றவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள் என்பது கூட இதில் கேட்கிறது.

இரண்டாவது, 45 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெயரில் வந்த ஸ்டுடியோ தொகுப்பான ‘திஸ் மொமெண்ட்’, 2023. மெக்லாக்லினும் ஜாகிர் உசேனும் மட்டும் பழையவர்கள். சங்கர் மகாதேவனின் குரலும், கணேஷ் ராஜகோபாலனின் வயலினும், விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷின் கஞ்சிராவும் கடமும் புதியவை. பெருந்தொற்றுக் காலத்தில் ஆளுக்கோர் ஊரிலிருந்து தத்தம் பகுதிகளைப் பதிந்து அனுப்பி இதன் பெரும்பகுதியைச் சேர்த்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் கேட்க உட்கார்ந்தேன், அதனால் என் காது முன்கூட்டியே குற்றம் கண்டுபிடிக்கத் தயாராக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாசிப்பில் ஒரு பிசிறு கிடையாது. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸை நினைவில் வைத்த ‘ஸ்ரீனீஸ் ட்ரீம்’ உருப்படியில் வாயால் சொல்லும் தாளச் சொற்களான கொன்னக்கோலும் கிட்டாரும் ஒரே அச்சில் வார்த்தது போல விழுகின்றன. ‘கருணா’வில் சங்கர் மகாதேவனின் குரல் மேல் ஸ்தாயியில் நின்று கீழே இறங்கும் விதம் இந்தத் தொகுப்பிலேயே நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட பகுதி. ஆனாலும் எட்டு உருப்படிகள் முடிந்தபோது, ஒருவர் வாசித்ததைக் கேட்டு இன்னொருவர் திடுக்கிட்ட ஒரு கணத்தைக் கூட என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. எல்லாப் பதில்களும் கேள்வி முடிவதற்கு முன்பே தயாராக இருந்தன. மெக்லாக்லின் கிட்டாரை சிந்தசைசரோடு இணைத்து எழுப்பும் வழவழப்பான ஒலி இந்தக் குறையை இன்னும் கூட்டுகிறது. 1975இல் கம்பிகளுக்குக் குறுக்கே இன்னொரு வரிசைக் கம்பி ஓடிய அந்தக் கரகரப்பான மரக் கிட்டாரின் ஒலிக்கு நான் ஏங்கினேன். 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்த பிறகு இதைக் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் சிறுபிள்ளைத்தனமாகப் படலாம், அதுவும் நியாயம்தான்.

ஒரே அறையில் உட்கார்ந்தாலே போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ராப் இசையில் பெயர் பெற்ற ஆந்த்ரே 3000, ஒரு வரி கூடப் பாடாமல் புல்லாங்குழல்களைக் கையில் எடுத்துக்கொண்டு 2023 நவம்பரில் வெளியிட்ட ‘நியூ புளூ சன்’ தொகுப்பை, அவருடைய துணிச்சலுக்காகவே மிகுந்த ஆவலோடு கேட்டேன். சேர்ந்து உட்கார்ந்து மனம் போன போக்கில் வாசித்த இசைதான். ஏறக்குறைய 87 நிமிடம் ஓடுகிறது. முதல் உருப்படியின் காற்றோட்டம் எனக்குப் பிடித்தது; நாற்பதாவது நிமிடத்துக்கு மேல், குழலை ஊதக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நல்ல மனிதர்கள் பொறுமையாகப் பக்கவாத்தியம் வாசிப்பதைக் கேட்பது போன்ற உணர்வு வந்துவிட்டது. முழுதாகக் கேட்பேன் என்ற என் விதியை மீறி நான் எழுந்து போனது இந்த ஒரு தொகுப்பில்தான்.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’வைப் பற்றி எழுதப்படாதது எதுவும் மிச்சமில்லை என்பதால் அதைத் தொடவே தயங்கினேன். ஆனால் கருநாடக இசைக்குப் பழகிய காதோடு அதைக் கேட்கும்போது கிடைக்கும் ஒரு தனி இன்பத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. முதல் உருப்படியான ‘ஸோ வாட்’ முழுக்க முழுக்க இரண்டே நிலைகளில் நிற்கிறது. டி ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட டோரியன் என்பதை நம் கணக்கில் சொன்னால் இரண்டு கட்டையில் கரகரப்பிரியா. பதினாறு தாள அளவுகள் அதில் உலாவிவிட்டு, எட்டு அளவுகளுக்கு மட்டும் அதே ராகம் இரண்டரைக் கட்டைக்கு ஏறி, பின் பழைய இடத்துக்கே இறங்குகிறது. சுருதிப்பெட்டியை யாரோ பாட்டின் நடுவே அரைக்கட்டை தூக்கிவிட்டது போன்ற அந்த நொடியில், ஒவ்வொரு முறையும் முதுகு நிமிர்கிறது. ஸ்வரக் கோவைகளை மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டே ஓடுவதை விட்டுவிட்டு ஒரே கோவையில் தங்கி அதன் மூலை முடுக்குகளைத் தேடலாம் என்று 1959இல் ஜாஸ் கலைஞர்களுக்குத் தோன்றியது, ஆலாபனை கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன உணர்வைத் தருவதில் வியப்பில்லை.

அந்த ஆண்டின் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில், நியூயார்க்கில் ஒரு பழைய தேவாலயத்தைக் கூடமாக மாற்றியிருந்த கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் ஐந்து உருப்படிகளும் பதிவாயின. அந்த உயரமான கூரை இந்த இசையில் ஏழாவது வாத்தியக்காரராக இருக்கிறது. ‘ஸோ வாட்’டில் மைல்ஸின் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் ஒரு சிம்பலை அடிக்கிறார், அடி கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது. அது அதட்டலாக எழும்பி, பின் அந்தக் கூடத்தின் காற்றில் நீண்ட நேரம் கரைந்து இறங்கும்போது, அந்தக் கரைசலின் மேல்தான் டிரம்பெட்டின் முதல் ஸ்வரங்கள் மிதக்கின்றன. நான் ஹெட்ஃபோனில் அந்த ஒற்றைச் சிம்பலை மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை கேட்டேன். பதிவின்போது மற்ற வாத்தியங்களின் அதிர்வால் ஸ்நேர் டிரம்மின் அடிக்கம்பிகள் சலசலப்பதைத் தயாரிப்பாளர் சுட்டிக்காட்டியபோது, அதுவும் இதோடு சேர்ந்ததுதான் என்கிற பொருளில் மைல்ஸ் பதில் சொல்லியிருக்கிறார். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மார்ச் பதிவில் ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், இசைத்தட்டின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, வாசித்ததைவிடக் கொஞ்சம் ஏறிய சுருதியிலேயே விற்கப்பட்டு வந்தன; 1990களில்தான் சரிசெய்தார்கள். எந்தப் பதிப்பைக் கேட்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. திருத்திய பதிப்பில் ‘புளூ இன் கிரீன்’ இன்னும் ஒரு நூல் அதிகமாகச் சோகமாகிறது.

அதே கூடத்தில்தான், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1955 ஜூனில், இருபத்திரண்டு வயது பியானோ கலைஞர் கிளென் கூல்ட் தன்னுடைய மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் கோல்ட்பெர்க் மாறுபாடுகளைப் பதிவு செய்தார். 1981இல், அந்தக் கூடம் மூடப்படவிருந்த நேரத்தில், அதே இடத்துக்குத் திரும்பி வந்து அதே இசையை மீண்டும் வாசித்தார். இரண்டையும் ஒரே மாலையில் கேட்பது என்று உட்கார்ந்தது கொஞ்சம் முரட்டுத்தனமான முடிவுதான், ஆனால் வீண் போகவில்லை. தொடக்க மெட்டான ஏரியா 1955இல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. 1981இல் அதே ஏரியா மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. முழுத் தொகுப்பும் முன்னது முப்பத்தெட்டு நிமிடத்தைச் சற்றே தாண்டியதும், பின்னது ஐம்பத்தோரு நிமிடமும் ஓடுகின்றன. இந்தக் கணக்கை வைத்து, இளமையில் வேகம், முதுமையில் நிதானம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கேட்டால் அப்படி இல்லை. நேர வித்தியாசத்தில் ஒரு பங்கு, முதல் பதிவில் விட்டுவிட்ட சில மறுமுறைகளை இரண்டாவதில் அவர் வாசித்ததால் வந்தது. அதைவிட, எல்லோரும் சோகத்தின் உச்சம் என்று போற்றும் 25ஆம் மாறுபாட்டை, இளைஞராக இருந்தபோது ஆறரை நிமிடத்துக்கு நெருக்கமாக இழுத்து உருகியவர், கிழவராக அல்ல, ஐம்பதை நெருங்கும் மனிதராக, அதைச் சற்றே குறைந்த நேரத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசிக்கிறார். இரண்டாம் பதிவின் பெருமை அதன் காலப்பிரமாணத்தில் இருக்கிறது. ஒரு மாறுபாட்டின் உள்லயம் அடுத்ததில் இரட்டித்தோ பாதியாகவோ வேறு ஒரு கணக்கிலோ தொடர்கிறது. நடை மாறினாலும் தாளம் போடும் கை மாறுவதில்லை என்பது போல, முப்பது துண்டுகளும் ஒரே நீண்ட பல்லவியாகிவிடுகின்றன.

இங்கேதான் என் கொள்கைக்கு முதல் அடி விழுந்தது. கூல்ட் 1964க்குப் பிறகு மேடையேறவே இல்லை. பல முறை வாசித்து, நல்ல துண்டுகளைத் தேர்ந்து, நாடாவை வெட்டி ஒட்டுவதைக் கலையின் ஒரு பகுதியாகவே வெளிப்படையாக ஆதரித்தவர். நான் ‘ஒரே மூச்சில் வாசித்தது’ என்று மெய்மறந்த இடங்களில் எத்தனை ஒட்டுகள் இருக்கின்றனவோ! என் காது அவற்றில் ஒன்றைக் கூடக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்ததெல்லாம் அவருடைய முனகலைத்தான். விரல்கள் வாசிப்பதற்குச் சற்று விலகி, தனக்கு மட்டும் கேட்கும் இன்னொரு குரலை அவர் பாடிக்கொண்டே இருக்கிறார். மெதுவான இடங்களில் நாற்காலியும் உடன் பாடுகிறது. சிலருக்கு இது எரிச்சலூட்டும். எனக்கோ, ஒட்டு வேலையெல்லாம் தாண்டி ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அதுவே சாட்சியாகப் பட்டது. இந்தப் பதிவு கடைக்கு வந்த சில நாட்களில், 1982 அக்டோபர் 4 அன்று, அவர் இறந்துபோனார்.

இந்த இடத்தில் ஒரு சிறு புலம்பல். நான் பயன்படுத்தும் பாட்டுச் செயலி, ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் நடுவே ஒரு நொடிக்கும் குறைவான வெற்று மௌனத்தைத் தானாகச் செருகிக்கொண்டிருந்தது. கூல்ட் எவ்வளவு யோசித்து வைத்த இடைவெளிகள் அவை! அமைப்புகளுக்குள் தேடிப்போய் அந்த வசதியை அணைத்த பிறகு, ஏற்கெனவே கேட்ட முதல் பத்து மாறுபாடுகளைத் திரும்ப முதலிலிருந்து கேட்டேன். வேறு தொகுப்பு போலவே இருந்தது. துண்டுகளை அடுக்கி வைத்துக் கேட்கும் இசை எதற்கும் இதை முதலில் சரிபார்த்துவிடுவது உத்தமம்.

கீத் ஜாரட்டின் ‘த கோல்ன் கான்செர்ட்’டில் ஒட்டுக்கு இடமே இல்லை. 1975 ஜனவரி 24 இரவு பதினொன்றரை மணிக்கு, ஜெர்மனியின் கோல்ன் ஓபரா அரங்கில், சுமார் 1,400 பேர் முன்னிலையில், முன்திட்டம் எதுவும் இல்லாமல் ஒரு மனிதர் ஒரு பியானோவோடு வாசித்தது இது. அந்தப் பியானோ அவர் கேட்டதும் அல்ல. ஒத்திகைக்கு வைத்திருந்த சிறிய கருவியைத் தவறாக மேடையில் ஏற்றிவிட்டார்கள். மேல் ஸ்தாயி தகரம் போல ஒலித்தது, கீழ் ஸ்தாயிக்குக் கனம் இல்லை, மிதிகட்டைகள் சரியாக வேலை செய்யவில்லை. வாசிக்கவே மறுத்தவரை, நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த பதினெட்டு வயதுப் பெண் வேரா பிராண்டெஸ்தான் சம்மதிக்க வைத்தார். இந்தக் கதை இசையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டதால் நான் சந்தேகத்தோடுதான் கேட்டேன். ஆனால் குறையுள்ள கருவியின் தடம் வாசிப்பில் எங்கும் இருக்கிறது. கீழ் ஸ்வரங்களுக்குக் கனம் இல்லாத காரணத்தால் இடது கை ஒரே சிறு ஸ்வர வரிசையை விடாமல் திரும்பத் திரும்ப அடித்து அந்தக் கனத்தைத் தானே உண்டாக்குகிறது. வலது கை பியானோவின் நடுப்பகுதியை விட்டு அதிக தூரம் போவதில்லை. முதல் பகுதியில் சுமார் பன்னிரண்டு நிமிடங்கள் இரண்டே ஸ்வரக்கூட்டுகளின் மேல் நின்றுகொண்டு அவர் செய்வதை நாம் வேறு பெயரில் அறிவோம்: ஒரே வரியை வைத்துக்கொண்டு நிரவல் செய்வது.

எல்லாமே உயர்வு என்று சொல்லமாட்டேன். இரண்டாம் பகுதியின் நடுவில், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் ஒரே இடத்தில் உழன்றுகொண்டிருக்கும் சில நிமிடங்கள் உண்டு, அவர் காலால் தரையைத் தட்டுவதும் கத்துவதும் அந்த உழற்சியை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தேடல் வெளிப்படையாகக் கேட்பதால்தான், கடைசியில் வரும் ஏழு நிமிடப் பகுதியின் மெட்டு அவ்வளவு தெளிவாக விடிகிறது. 2018இல் இரண்டு முறை பக்கவாதம் தாக்கிய பின் ஜாரட்டின் இடது கை வாசிக்கும் நிலையில் இல்லை என்பதை அறிந்தவர்களுக்கு, விடாமல் ஓடும் அந்த இடது கையைக் கேட்பது எளிதாக இருக்காது.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வந்தது. பலமுறை துண்டு துண்டாகக் கேட்டிருந்தாலும் முழுதாக ஒரே அமர்வில் கேட்டது இப்போதுதான். தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட இந்தத் தொகுப்பின் உயிர், வி.எஸ். நரசிம்மனின் வயலின். ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ உருப்படியில் பாஹின் தனி வயலின் முகப்பிசை ஒன்று ஓட, அதன் மேல் நம் கமகம் தோய்ந்த இன்னொரு வயலின் வந்து அமர்கிறது. இரண்டு பேர் சந்தித்துப் பேசினார்கள் என்று தலைப்பு சொல்கிறது. கேட்டால், பாஹ் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போக, இன்னொருவர் அதைக் கேட்டுக்கொண்டே தன் மனதில் ஓடுவதைச் சொல்கிறார் என்பதே சரி. இறந்தவரோடு பேச வேறு வழி இல்லை, அதனால் இந்த ஒட்டு வேலையைக் குறையாக எண்ண என்னால் முடியவில்லை. தொகுப்பில் சில இடங்களில் பின்னால் வரும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் 1980களின் முத்திரையை அழுத்தமாகக் குத்திவிடுகின்றன. அவை இல்லாத இடங்கள், குறிப்பாக நரம்பிசைக் கருவிகள் மட்டும் தமக்குள் பின்னிக்கொள்ளும் இடங்கள், நேற்று எழுதியவை போலிருக்கின்றன.

கடைசியாக வைத்திருந்தது ‘ப்ராமிசஸ்’. மின்னணு இசைக் கலைஞரான ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற சாம் ஷெப்பர்டும், சாக்ஸபோன் மேதை ஃபாரோ சாண்டர்ஸும், லண்டன் சிம்பனி இசைக்குழுவும் சேர்ந்து 2021 மார்ச்சில் வெளியிட்டது; ஒன்பது பகுதிகள், நாற்பத்தாறு நிமிடங்கள். சாண்டர்ஸும் ஷெப்பர்டும் 2019இல் லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்துப் பதிந்ததன் மேல், அடுத்த ஆண்டு லண்டனில் நரம்பிசைக் குழுவை ஏற்றியிருக்கிறார்கள். அதாவது, என் அளவுகோலின்படி இது தேறியிருக்கவே கூடாது. தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றியது. ஹார்ப்சிகார்ட், செலெஸ்டா, பியானோ ஆகிய விசைப்பலகைக் கருவிகளின் கலவையில் ஏழு ஸ்வரங்கள் கொண்ட ஒரு சிறு கட்டு எழுந்து, மறைந்து, மறுபடியும் எழுகிறது. ஏறக்குறைய முழு நேரமும் அதுவே. ஐந்தாவது நிமிடத்தில் எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் சாண்டர்ஸ் என்ன செய்கிறார் என்று கவனிக்கத் தொடங்கினேன். இளமையில் சாக்ஸபோனை அலற வைத்தே பெயர் பெற்றவர் அவர். இங்கே, எண்பதை நெருங்கும் வயதில், அந்த ஏழு ஸ்வரங்கள் வந்து போகும் வரை காத்திருந்து, அவை விட்டுச்சென்ற இடத்தில் மட்டும், உதட்டிலிருந்து காற்று கருவிக்குள் நுழையும் சீற்றம் கேட்கும் அளவுக்கு மெதுவாக, இரண்டு மூன்று ஸ்வரங்களை வைக்கிறார். சில சுற்றுகளை அப்படியே போக விட்டுவிடுகிறார். நான்காம் பகுதியில் கருவியைக் கீழே வைத்துவிட்டு, சொற்கள் ஆகாத ஏதோ ஒன்றைத் தொண்டைக்குள் முணுமுணுக்கிறார். தூங்கும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முதியவரின் குரல் அது. ஆறாம் பகுதியில் நரம்பிசைக் குழு மெல்ல மெல்லத் திரண்டு ஒரு பேரலையாக எழும்போது சாண்டர்ஸ் அங்கே இல்லை. பதிவு நாட்களின் கணக்குப்படி அந்த வயலின்களும் அவரும் ஒரு நாளும் ஒரே அறையில் இருந்ததில்லை. இருந்தும், ஒரு வருடத்துக்கு முன் அவர் விட்டுப்போன இடைவெளிகளை அந்த வயலின்காரர்கள் அவ்வளவு மரியாதையோடு கேட்டிருக்கிறார்கள். ‘எ மீட்டிங் பை த ரிவ’ரில் கூடர் பட்டுக்காகக் காத்திருந்த அதே ஒரு மூச்சளவு தயக்கம் இங்கேயும் இருக்கிறது, நடுவில் ஒரு கடலும் ஓராண்டும் கிடந்தபோதும்.

சாண்டர்ஸ் 2022 செப்டம்பரில் காலமானார். இதன் கடைசிப் பகுதியில் அந்த ஏழு ஸ்வரக் கட்டு வருவதில்லை. எல்லாம் அடங்கிய ஒரு மௌனத்துக்குப் பிறகு நரம்பிசைக் கருவிகள் மட்டும் திரும்ப வந்து, எங்கோ போகத் தொடங்கி, சட்டென்று நின்றுவிடுகின்றன. முதல் முறை கேட்டபோது செயலிதான் மறுபடியும் ஏதோ கோளாறு செய்துவிட்டது என்று நினைத்து, கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்.